எரியோட்டுத் தம்பிக்கு: வாளை வீசும் முன் பார்க்கப் பழகு



நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். ‘சிவல்ரி 2’ வாங்கி ஒரு வாரம் ஆகிறது, ஒரு மேட்ச்சிலும் நிமிர்ந்து நிற்க முடியவில்லை, யார் அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை, களத்தில் இறங்கிய வேகத்திலேயே தலை உருண்டுவிடுகிறது, இதை அழித்துவிட்டு வேறு கேம் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். “சின்ன வயசுலேர்ந்து சிலம்பம் ஆடுறவன்ணே நான், எனக்கே இப்படியா?” என்று கடைசியில் சொன்னபோது உன் குரல் இறங்கிப்போயிருந்தது. இந்த ஆட்டத்துக்குப் புதிதாக வந்து, முதல் வாரத்திலேயே மனம் விட்டுப் போகிற பிள்ளைகள் நம் பக்கத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் உன் பெயரை விட்டுவிட்டு இதைப் பொதுக் கடிதமாக எழுதுகிறேன்.

அழித்துவிடாதே. ஆடும் விதத்தை மட்டும் மாற்று. ஜெயிக்க ஆரம்பித்தால்தான் இதில் ருசி வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதற்கு வெகு முன்பே வந்துவிடும். எதிரே நிற்பவன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பது உன் கண்ணுக்குப் பிடிபடுகிற நாளில், நீ செத்து விழுந்தாலும் மனசு நிறையும். கை தானாகப் பின்னால் வரும், முதலில் கண் வர வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது அந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் அதற்குப் போகும் வழி.

இது எங்கிருந்து வந்த ஆட்டம் என்று முதலில் தெரிந்துகொள். ‘ஹாஃப் லைஃப் 2’ என்ற துப்பாக்கி ஆட்டத்தின் மேல், ஆர்வத்துக்காகச் சிலர் சேர்ந்து செய்து 2007-ல் வெளியிட்ட ‘ஏஜ் ஆஃப் சிவல்ரி’ என்ற மாற்று வடிவம்தான் இதற்கு வேர். அந்த வழியில் வந்தவர்கள் கனடாவின் டொராண்டோவில் டார்ன் பேனர் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 2012-ல் முதல் ‘சிவல்ரி’யையும் 2021 ஜூன் மாதம் இரண்டாவதையும் கொண்டுவந்தார்கள்.  துப்பாக்கி ஆட்டத்தில் பிறந்தவர்கள் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஏன் வாளை எடுத்தார்கள் என்பதை யோசித்துப் பார்த்தால் இந்த ஆட்டத்தின் குணம் புரியும்.

துப்பாக்கி ஆட்டத்தில் எங்கிருந்தோ வரும் குண்டு உன்னை முடித்துவிடும். யார் சுட்டான் என்பதே செத்த பிறகுதான் தெரியும். இங்கே வாள் எதிரியின் கையிலிருந்து கிளம்பி, காற்றில் ஒரு பாதை போட்டு வந்துதான் உன் மேல் படுகிறது. அதன் இரும்பு உன் உடம்பைத் தொட்டால்தான் அடி. முதுகில் விழும் வெட்டையும் அம்பையும் விட்டுவிடு. உன்னைச் சாய்க்கிற மற்ற எல்லா அடியும் சாய்ப்பதற்கு முன்னால் உன் கண் முன்னால் காட்டிவிட்டுத்தான் சாய்க்கிறது. நீ பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதனால் இந்த ஆட்டத்தில் தோற்பதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் திரையிலேயே இருக்கிறது. இது எனக்குப் பெரிய ஆறுதலாகப் படுகிறது. உனக்கும் அப்படிப் படவேண்டும் என்று விரும்புகிறேன்.

இப்போது சிலம்பத்துக்கு வருகிறேன். நீ கற்ற வித்தை இங்கே வீண் இல்லை. ஆனால் அது உதவும் இடம் நீ நினைக்கிற இடம் இல்லை. உன் மணிக்கட்டில் இருக்கும் வேகம் மவுஸுக்குள் போகாது. சிலம்பத்தில் ஒரு வீச்சு முடியும் இடத்தில் அடுத்த வீச்சு பிறந்துவிடும், கம்பு நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கும். இங்கே வீச்சு வெறுங்காற்றில் போனால் கை திரும்பி வர நேரம் ஆகும். உன் தெம்பும் குறையும். ‘ஸ்டாமினா’ என்று ஒரு கோடு காட்டுகிறதே, அதுதான் அந்தத் தெம்பு. நீ சுழற்றிப் பழகியவன் என்பதால் பட்டனை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறாய். எதிரி இரண்டடி பின்னால் நின்று, உன் வீச்சு காலியாகப் போகட்டும் என்று காத்திருந்து, போனதும் உள்ளே வந்து ஒரே வெட்டாக வெட்டுகிறான். சிலம்பம் ஆடியவனுக்கு இது நேர்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் உன் வாத்தியார் கையில் கம்பைக் கொடுப்பதற்கு முன்னால் என்ன சொல்லிக்கொடுத்தார் என்று நினைத்துப் பார். காலடி. முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று வெறுங்கையோடு நாள்கணக்கில் கால் பழக்கினாரே, அதற்கு அர்த்தம் இங்கே இருக்கிறது. கம்பின் நீளம் எவ்வளவு, அதற்கு எட்டும் தூரம் எவ்வளவு, எட்டாத தூரம் எவ்வளவு என்பது காலில் இருக்கும் அறிவு. தொடுமுறைப் போட்டியில் நுனிக் கம்பு மேலில் பட்டால் புள்ளி. அதில் நல்ல ஆட்டக்காரன் எப்போதும் எட்டும் தூரத்துக்கு ஒரு கையளவு வெளியேதான் நிற்பான், அடிக்கும்போது மட்டும் உள்ளே வருவான். அந்த ஒரு கையளவு இந்த ஆட்டத்திலும் அப்படியே இருக்கிறது. உன் சிலம்பத்திலிருந்து கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் கொண்டு வா.

பயிற்சிக்கு ஒரு வரிசை சொல்கிறேன். ஒன்று கைக்கு வந்த பிறகு அடுத்ததுக்குப் போ.

முதலில் தூரம். ஆட்டத்தில் இருக்கும் நான்கு வகை வீரர்களில் ஃபுட்மேனை எடு, கையில் நீளமான ஆயுதம் வைத்துக்கொள். ஈட்டியோ கழியில் பூட்டிய கோடாலியோ எதுவானாலும் சரி. வில்லாளியை எடுக்காதே. அடி தாங்கமுடியாதவர்கள் எல்லோரும் ஓடிப்போய் வில்லைத்தான் எடுக்கிறார்கள். தூரத்தில் நின்று எய்துகொண்டே இருந்தால் எதிரியின் முகம் கிட்டத்தில் பழகவே பழகாது. ஈட்டியோடு நின்று, வருகிறவனை அடிக்காமல், அவன் வீச்சு உன்னைத் தொடாத இடத்துக்குக் கால் பின்வைத்துப் பழகு. இதை ஆள் இல்லாமல் பழகவும் வசதி இருக்கிறது. ஆட்டத்திலேயே கம்ப்யூட்டர் வீரர்களோடு தனியாக ஆடும் பயிற்சிக் களம் உண்டு.

அடுத்தது, அடியின் வகை. மொத்தம் மூன்றுதான்: பக்கவாட்டில் அறுப்பது, தலைக்கு மேலிருந்து இறக்குவது, நேராகக் குத்துவது. பட்டனை அழுத்திப் பிடித்தால் அதே அடி கனமாக, மெதுவாக வரும். இந்த மூன்றையும் எதிரியின் தோளில் பார்க்கப் பழகு. வாளின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தால் தாமதமாகிவிடும். தோள் மேலே ஏறினால் இறக்கப்போகிறான், பக்கத்தில் திரும்பினால் அறுக்கப்போகிறான், முழங்கை பின்னால் போனால் குத்தப்போகிறான். ஒரு சாயங்காலம் முழுக்க அடிக்காமல் இதை மட்டும் மனசுக்குள் சொல்லிப் பார்: மேலே, பக்கம், குத்து. மறுநாள் உனக்கே தெரியும்.

மூன்றாவது, தடுப்பது. தடுப்புப் பட்டனைப் பிடித்துக்கொண்டே நிற்கலாம் என்பதால் புதியவர்கள் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். தடுக்கும் ஒவ்வோர் அடிக்கும் தெம்பு போகும். தெம்பு தீர்ந்தால் கையிலிருக்கும் ஆயுதமே தெறித்துவிடும். தடுப்பவனை உதைத்தே நிலைகுலைய வைக்கலாம். தடுத்த கணத்தில் உடனே திருப்பி அடிக்க வேண்டும். அப்படி வரும் பதிலடி வழக்கத்தைவிட வேகமாகக் கிளம்பும். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது: அவன் எந்த வகை அடியை எடுத்தானோ அதே வகையை நீயும் எடுத்து, அது உன் மேல் விழும் கணத்தில் தடுத்தால், அவன் அடி செத்துப்போகும், உன் அடி பிறந்துவிடும். அவன் குத்தினால் நீயும் குத்த வேண்டும், இறக்கினால் நீயும் இறக்க வேண்டும். பார்க்கத் தெரியாதவனால் இதைச் செய்யவே முடியாது. ஆட்டத்தைச் செய்தவர்களே, கண்ணுள்ளவனுக்குத்தான் பரிசு என்று இதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான்காவது, போக்குக் காட்டுவது. அடியை எடுத்துவிட்டுப் பாதியில் நிறுத்தினால் எதிரி அவசரத்தில் தடுப்பைக் காட்டுவான், அது இறங்கும்போது உண்மையான அடி விழும். உடம்பைத் திருப்பி ஒரு வீச்சைச் சீக்கிரம் வரவைக்கவும் செய்யலாம், தாமதமாக வரவைக்கவும் செய்யலாம். இவை வேண்டாத வித்தை என்று நினைக்காதே. கம்பைத் தலைக்குக் காட்டிக் காலில் தட்டுவது நம் களத்தில் ஏமாற்று என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் முதல் மூன்றும் வருவதற்கு முன்னால் இதைத் தொடாதே. பார்க்கத் தெரியாதவன் போக்குக் காட்டினால் அவன் காட்டுவதை எதிரியும் பார்க்கமாட்டான், நேராக வெட்டிவிட்டுப் போய்விடுவான்.

ஒரு சண்டையைக் கிட்டத்தில் பார்ப்போம். எதிரே ஒருவன், இரண்டு கையால் பிடிக்கும் நீள வாளோடு வருகிறான். உன் கையில் ஈட்டி. நான்கு எட்டுத் தள்ளி அவன் நிற்கிறான். வலது தோள் ஏறுகிறது. நீ தடுப்பை எடுக்கிறாய். வாள் இறங்கவில்லை, பாதியில் நின்றுவிட்டது. உன் தடுப்பு சரிகிற நேரத்தில் அவன் உள்ளே வந்துவிட்டான், மறுபடி தோள் ஏறுகிறது, இந்த முறை வாள் இறங்கிவிட்டது. நீ விழுந்தாய். இதில் நீ செய்ய வேண்டியிருந்தது தடுப்பு இல்லை. நான்கு எட்டுத் தூரத்தில் அந்த வாள் உன்னைத் தொடவே தொடாது. தொடாத தூரத்தில் ஏறும் தோள் பொய்யாகத்தான் இருக்க முடியும். அவன் கால் உள்ளே வரும்வரை நீ அசையாமல் இருந்திருந்தால், அந்தப் பொய்க்கு அவன் தெம்புதான் போயிருக்கும். இதைத்தான் விழுந்த பிறகு யோசிக்க வேண்டும். மறுபடி களத்தில் இறக்கும்வரை சில நொடிகள் காத்திருக்க வைக்கிறார்களே, அதை மொபைல் பார்க்காமல் இதற்குச் செலவிடு. எங்கே விழுந்தேன், எதைப் பார்க்காமல் விழுந்தேன் என்று ஒரு கேள்வி போதும்.

சாகும் எண்ணிக்கையை நினைத்து மனசை வாட்டிக்கொள்ளாதே. உங்கள் ஊரைச் சுற்றியிருக்கும் ஸ்பின்னிங் மில்லில் உன் அம்மா வேலை பார்க்கிறார்களே, ஷிஃப்ட்டில் எத்தனை இழை அறுகிறது என்று கேட்டுப் பார். அறுந்த இழையை நினைத்து அவர்கள் நிற்பதில்லை. முனையைப் பிடித்து ஒட்டிவிட்டு அடுத்த ஸ்பிண்டிலுக்குப் போவார்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால் மட்டும் நின்று, ஏன் என்று பார்ப்பார்கள். நீயும் அப்படியே செய். ஒரே மாதிரி இரண்டு தடவை விழுந்தால் மட்டும் நில்.

நீ கேட்காத ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் கோபத்தில் பாதி அதனால் வருவதாக நினைக்கிறேன். “நான் தடுத்துட்டேண்ணே, இருந்தும் பட்டுச்சு” என்றாய். நீ பொய் சொல்லவில்லை. நீ பட்டனை அழுத்தியது சர்வருக்குப் போய்ச் சேரவே நேரம் ஆகும். அந்தச் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள். கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்த் திரும்புவதற்கே 32 மில்லி நொடி ஆகிவிடும். எரியோட்டிலிருந்து சென்னைவரை போகும் வழி, நடுவில் இருக்கும் கருவிகள், உன் வீட்டு வைஃபை எல்லாம் அதற்கு மேல். ஐரோப்பாவில் இருக்கும் சர்வர் என்றால் இன்னும் பல மடங்கு. நீ எவ்வளவு விலைக்கு பிளான் போட்டாலும் ஒளியின் வேகத்தைத் தாண்ட முடியாது. நீ திரையில் பார்க்கும் எதிரி எப்போதும் கொஞ்சம் பழைய எதிரி.

இதற்கு மூன்று காரியம் செய். சர்வர் பட்டியலில், போய்த் திரும்பும் நேரத்தைக் காட்டும் பிங் எண்ணைப் பார்த்து, மிகக் குறைவாக இருப்பதில் சேர். வைஃபையை விட்டுவிட்டு ரூட்டரிலிருந்து வயர் இழுத்துக்கொள். அதைவிட முக்கியம், அடியின் கடைசியைப் பார்த்துத் தடுக்கும் பழக்கத்தை விட்டுவிடு. கண்ணில் பட்டதைக் கை செய்து முடிக்க மனுஷனுக்குச் சுமாராகக் கால் நொடி ஆகும். அதோடு பிங்கும் சேர்ந்தால் கடைசியைப் பார்த்துத் தடுப்பது நம் ஊரில் உட்கார்ந்து ஆடுகிறவனுக்கு நடக்காத காரியம். தொடக்கத்தைப் பார்த்துவிட்டால் அந்தக் கால் நொடி உன் கையில் இருக்கும். சர்வருக்குப் பக்கத்தில் இருப்பவன் பார்க்காமலேயே கொஞ்ச காலம் தப்பித்துவிடுவான். நீ முதல் நாளிலிருந்தே பார்த்தாக வேண்டும். ஆறு மாதம் கழித்து உன் கண் அவன் கண்ணைவிட நன்றாக இருக்கும்.

இதுவரை சொன்னது ஒற்றைக்கு ஒற்றை. களத்தில் இருப்பதோ 64 பேர். பக்கத்துக்கு 32. நீலம் அகாதா, சிவப்பு மேசன். இங்கேதான் பெரும்பாலான புதியவர்கள் ருசியைத் தவறவிடுகிறார்கள். எத்தனை பேரை வெட்டினோம் என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போர் எதற்காக நடக்கிறது என்று பார்ப்பதில்லை.

நம் முன்னோர் போரை எப்படிப் பிரித்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை அதை வரிசையாகச் சொல்கிறது. ஆநிரையைக் கவரப் போனால் வெட்சி, மீட்க வந்தால் கரந்தை. மண்ணைப் பிடிக்கப் படையெடுத்தால் வஞ்சி, எதிர்த்து நின்று காத்தால் காஞ்சி. கோட்டையை வளைத்தால் உழிஞை, உள்ளிருந்து காத்தால் நொச்சி. களத்தில் நேருக்கு நேர் மோதினால் தும்பை, வென்றால் வாகை. எந்த ஆயுதம், யார் எத்தனை பேரைக் கொன்றார்கள் என்று அவர்கள் பிரிக்கவில்லை. எதற்காக வந்தாய், எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று பார்த்துப் பிரித்தார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்த வரிசையை இப்போது எடுத்துக் களத்தில் வைத்துப் பார், ஒவ்வொரு மேப்பும் விளங்கிவிடும்.

‘ருட்ஹெல்ம்’ முற்றுகையை எடுத்துக்கொள். அகாதா உழிஞை, மேசன் நொச்சி. அகாதா பக்கத்தில் நீ இருந்தால் மரக் கோபுரங்களை மதில்வரை தள்ளிக்கொண்டு போவதுதான் வேலை. ஓரத்தில் ஒருவனைத் தனியாகப் பிடித்துச் சண்டை போட்டு ஜெயித்தாலும், கோபுரம் நின்ற இடத்தில் நின்றால் உன் பக்கம் தோற்கிறது. ஆள் வெட்டத் தெரியாத புதியவன் ஒருவன் கோபுரத்தோடு ஒட்டி நின்று தள்ளினால் அவன்தான் அன்றைக்கு முக்கியமான ஆள். முதல் வாரத்தில் உன்னால் செய்ய முடிகிற பெரிய காரியம் இது. வாள் பழகுவதற்கு முன்பே இதைச் செய்யலாம், இதன் ருசியும் அன்றைக்கே கிடைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்கு வா, மலைக்கோட்டைக்குப் போகலாம். 1605-ல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை. 1755-ல் ஹைதர் அலி இங்கே வந்த பிறகு பலப்பட்டது. ஆங்கிலேயர் பிடித்ததும் மைசூர் திரும்பப் பெற்றதுமாகக் கைமாறி, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமையே கம்பெனியின் கைக்குப் போனது. பாறையில் வெட்டிய படிகளில் ஏறும்போது, ஏறுகிறவனாக ஒரு தடவை, மேலே மதிலில் நின்று பார்க்கிறவனாக ஒரு தடவை அந்த வழியைப் பார். கவசமும் ஆயுதமும் சுமந்து ஏறுகிறவனுக்கு எங்கே மூச்சு வாங்கும், மேலே நிற்பவனுக்கு அவன் எங்கே கண்ணில் படுவான், எந்த வளைவில் இரண்டு பேர் நின்றாலே போதும் என்று கணக்குப் போடு. மறுநாள் களத்தில் உனக்கு இடம் தெரியும். மதிலைக் காக்கும் பக்கத்தில் இருக்கிறவன் திறந்தவெளிக்கு இறங்கி ஓடி, தனியாகச் சாவதை நீ நிறைய பார்ப்பாய். நீ இறங்கமாட்டாய்.

கூட்டத்தில் ஆடும்போது இன்னும் சில வழக்கங்களைப் பிடித்துக்கொள். தனியாக ஓடாதே, தெரிந்து ஆடுகிற ஒருவனின் இடது பக்கத்திலோ வலது பக்கத்திலோ இரண்டு எட்டுத் தள்ளி நில். உன் வீச்சு நம்மாள் மேல் பட்டாலும் காயம்தான், அதனால் கூட்டத்துக்குள் நிற்கும்போது பக்கவாட்டு வீச்சைக் குறைத்துக் குத்தையும் மேலிருந்து இறக்குவதையும் வைத்துக்கொள். ஃபுட்மேனிடம் கட்டுத்துணி இருக்கிறது, அடிபட்டவனிடம் எறி. விழுந்து தவழ்கிறவனைப் பார்த்தால் தூக்கிவிடு. முகம் தெரியாத ஒருவன், வேறு தேசத்தில் உட்கார்ந்திருப்பவன், நீ தூக்கிவிட்டதும் எழுந்து நின்று உன்னைப் பார்த்து ஒரு தடவை தலைவணங்கிவிட்டு மறுபடி சண்டைக்கு ஓடுவான். அதற்கு எந்தக் கில்லும் ஈடாகாது.

கத்துவதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதையும் கூச்சப்படாமல் அழுத்து. முப்பது பேர் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் போர்க்குரல் எழுப்பி ஓடும்போது நீ நடுவில் இருந்து பார். நம் திருவிழாவில் சிலம்பக்காரர்கள் மேளத்தோடு களத்துக்குள் இறங்கும்போது உடம்பில் ஓடுமே ஒரு சிலிர்ப்பு, அதே சிலிர்ப்பு வரும். முட்டைக்கோஸையும் கோழியையும் எடுத்து எதிரி மேல் எறிகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்காதே. நீயும் எறி. 64 பேர் ஒரு மைதானத்தில் கூடி விளையாட வந்திருக்கிறார்கள் என்பதை அது நினைவுபடுத்துகிறது.

சாட்டில் கெட்ட வார்த்தை வரும். நம் நாட்டுக்காரன் என்று தெரிந்தால் கூடவே சில வசவுகளும் வரும். பதில் எழுதாதே, அந்த ஆளை மியூட் செய்துவிட்டு ஆடு. தோற்கடித்தவன் நன்றாக ஆடியிருந்தால் மட்டும் ஒரு வார்த்தை எழுதிப் பாராட்டு. ஒற்றைக்கு ஒற்றை ஆடும் களங்களில் தொடங்கும் முன் வாளைத் தாழ்த்தி வணங்குவது வழக்கம், அதை விடாதே. சலாவரிசை போடாமல் நீ சிலம்பக் களத்தில் கம்பைத் தூக்கியிருப்பாயா?

வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் ‘ஆன்லைன் கேம்’ என்றால் பெற்றவர்களுக்கு நினைவு வருவது ரம்மி. காசை இழந்து உயிரை விட்டவர்களின் செய்தியைப் படித்துப் படித்து அவர்களுக்குப் பயம் வந்திருக்கிறது, அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாடு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்தது. நீ ஆடுவது அந்த வகை இல்லை. ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினாய், அவ்வளவுதான். மேற்கொண்டு விற்கிற கவசமும் தலைக்கவசமும் பார்வைக்கு அழகு, அடியில் ஒரு துளியும் கூடாது. அவற்றில் மில் சம்பளத்தைப் போடாதே. அம்மாவை ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்து நீ ஆடுவதைக் காட்டு. என்ன ஆடுகிறாய் என்று தெரிந்தால் அவர்கள் பயம் பாதி குறையும். இரவு எத்தனை மணிக்கு ஆட்டத்தை விட்டு எழுந்திருப்பாய் என்று அவர்களிடமே ஒரு நேரம் சொல்லிவிடு, சொன்ன நேரத்தில் எழுந்திரு. தூக்கம் கெட்ட கண்ணுக்குத் தோள் ஏறுவது தெரியாது.

இன்னொன்று. இந்த ஆட்டத்தில் ரத்தம் அதிகம். கை அறுந்து விழும், தலை தனியாகப் போகும். இது வயது வந்தவர்களுக்கான ஆட்டம், நீ பதினெட்டைத் தாண்டிவிட்டாய். வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் முன்னால் ஆடாதே. நீயும் இதை மனசில் சரியான இடத்தில் வைத்துக்கொள். 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்து வெட்டிய நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, ஆநிரைப் பூசலில் செத்துப்போன ஒருவனுக்காக நட்டது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தக் கல்லை நட்டார்களென்றால், அவன் திரும்பி எழுந்து வரவில்லை என்பதனால்தான். உன் களத்தில் சில நொடிகளில் எல்லோரும் எழுந்து வந்துவிடுகிறார்கள். அப்படி எழுந்து வருவதனால்தான் இது விளையாட்டு. வாள் வித்தையை யாரையும் காயப்படுத்தாமல் ரசிக்க நம் தலைமுறைக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது என்று இதை எடுத்துக்கொள். களத்துக்கு வெளியே அந்தக் கோபத்தைக் கொண்டு போகாதே.

இதனால் என்ன பிரயோஜனம் என்று யாராவது உன்னைக் கேட்பார்கள். சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம் பெற்றது, அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்ந்திருக்கிறது. கம்பை விட்டுவிடாதே, காலையில் அதற்குப் போ. ‘சிவல்ரி’யில் உனக்குப் பதக்கமும் கிடைக்காது, வேலையும் கிடைக்காது. அதற்காக ஆடவும் வேண்டாம். ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனைக் கூர்ந்து பார்த்து, அவன் மனசில் இருப்பதை அவன் தோளிலேயே படிப்பது தனியான சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கு வேறு காரணம் தேவையில்லை.

கடைசியாக உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்னும் சில மாதங்களில் நீ தேறிவிடுவாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்போது எரியோட்டிலிருந்தோ வடமதுரையிலிருந்தோ வேடசந்தூரிலிருந்தோ புதிதாக ஒரு பையன் வருவான். அவனை வெட்டிக் கணக்கைக் கூட்டாதே. ஒற்றைக்கு ஒற்றை ஆடும் களத்துக்குக் கூட்டிப்போய், எதிரே நின்று, மெதுவாகத் தோளைத் தூக்கிக் காட்டு. அவன் பார்க்கக் கற்றுக்கொள்ளும்வரை கூடவே இரு.

அன்புடன்,
உன் அண்ணன்,
திண்டுக்கல்.